சோளம் ஊறும் இரவுகள்

பிப்ரவரி 3
இங்கே அமெரிக்காவில், சான் அன்டோனியோவில், நாங்கள் போகும் பஃபி டாக்கோ (எண்ணெயில் உப்பப் பொரித்த மக்காச்சோள அடை) கடைக் கதவில், மூடப் போகிறோம் என்று தாள் ஒட்டிவிட்டார்கள். 28ஆம் தேதியோடு சரி. இவருடைய அம்மா, மெக்சிகோ வம்சத்து அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவரும் நானும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 4
இவர் சொல்லிவிட்டார். அத்தை டிவி சத்தத்தைக் குறைத்தார். ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பெரிய வாணலியை என்ன பண்ணப் போறாங்களாம்?" என்று கேட்டார். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

பிப்ரவரி 9
ஞாயிறு. வரிசை தெருமுனை வரை நின்றது. உள்ளே போனதும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மாவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார் பெரியவர். எண்ணெயில் விழுந்ததும் பூரி மாதிரி எழும்புகிறது. எழும்பிய உடனே தட்டைக் கரண்டியின் விளிம்பை நடுவில் வைத்து ஒரே அழுத்து. இரண்டு பக்கமும் மடிந்து நிற்கிறது. அதற்குள் சீரகம் மணக்கும் கொத்திறைச்சி, லெட்டூஸ், தக்காளி, சீஸ். கடித்தால் மேலே நொறுங்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். சான் அன்டோனியோவைத் தாண்டிவிட்டால் பஃபி டாக்கோவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே பேஸ்பால் மைதானத்தில்கூட அந்த வேஷம் போட்டவரைக் குழந்தைகள் துரத்திப் பிடித்துத் தள்ளுவார்கள், அவ்வளவு சொந்தம். கரண்டியை எப்போது எடுக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பிப்ரவரி 12
அத்தையின் ஆபரேஷன் தேதியை மறுபடியும் தள்ளிவிட்டார்கள்.

பிப்ரவரி 15
தூக்கம் இல்லை. 2017இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கலை நகரங்கள் வரிசையில் சேர்த்தபோது தெருவெல்லாம் ஒரே பெருமை. எண்ணெய் முன்னால் நின்று நின்று முட்டி தேய்ந்த கடைப் பெரியவருக்கு அதனால் என்ன ஆயிற்று? பிள்ளைகளுக்கு வேறு ஊரில் வேலை. வாடகை ஏறிவிட்டது. மாட்டிறைச்சி விலையைக் கேட்கவே வேண்டாம். வறட்சியில் மேய்ச்சல் காய்ந்து பண்ணைக்காரர்கள் மாடுகளை விற்று விற்று, 2025 ஜனவரிக் கணக்கில் நாடு முழுக்க 8.67 கோடி மாடுகள்தான். 1951க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. எல்லாம் புரிகிறது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அத்தையின் பாட்டி இந்த ஊர்த் திடலில் விளக்கு வைத்துச் சில்லி என்ற மிளகாய் இறைச்சிக் குழம்பு விற்றவராம். 1930களில் சுகாதார விதி என்று சொல்லி அந்தப் பெண்களையும் இப்படித்தான் கிளப்பினார்கள்.

பிப்ரவரி 18
"மாவைக் கடையில் வாங்காதே." பஃபி டாக்கோவை வீட்டிலேயே செய்து பார்க்கிறேன் என்றிருந்தேன். அத்தை காலையில் எழுந்ததும் சொன்னது இதுதான்.

பிப்ரவரி 20
மாத்திரை போட்ட பிறகு கொஞ்ச நேரம் அத்தை தெளிவாகப் பேசுகிறார். அந்த நேரத்துக்காகவே சமையல் வேலையை ஒதுக்கி வைக்கிறேன். வெள்ளை மக்காச்சோளம் ஒரு கிலோவுக்குச் சுண்ணாம்பு 10 கிராம். தண்ணீரில் வேகவிட்டு, மணி முழுக்கக் குழையும் முன் இறக்கி, ராத்திரி அப்படியே ஊறவிட வேண்டும். சுண்ணாம்பு பட்டதும் வெள்ளை மணி கண்ணெதிரே மஞ்சளாகிவிட்டது. வீடெல்லாம் சுண்ணாம்பு வாசனை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்து அழுகை முட்டியது. டாக்டர் சொல்லும் எதையும் நம்பாத அத்தை, இந்தச் சுண்ணாம்பை மட்டும் மருந்து என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். இப்படிப் பக்குவம் செய்யாத மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குச் சத்துக் குறைவால் பெலாக்ரா நோய் வந்தது. அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர்வதற்குச் சுண்ணாம்பு வேண்டும்.

பிப்ரவரி 21
விடிந்ததும் பார்த்தேன். தோல் விரலில் வழுக்கிக்கொண்டு கழன்றது. இட்லி மாவைத் தவிர வேறெதையும் கண்டிராத கோயம்புத்தூர் கிரைண்டரில் போட்டேன். தண்ணீர் விடாமல் கல் சுற்ற மறுக்கிறது, விட்டால் மாவு தளர்ந்துவிடுகிறது. தன் அம்மாவின் மெட்டாட்டே கல் (நம் அம்மி மாதிரி) இருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை என்கிறார் அத்தை. அது யார் வீட்டில் இருக்கிறதோ. நாத்தனாருக்கு போன் போட்டுக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 28
கடைசி நாள். போகவில்லை. அத்தைக்குக் காய்ச்சல்.

மார்ச் 2
எழும்பவில்லை. தட்டையாகவே பொரிந்துவிட்டது. மாவு தளர்ந்தால் எண்ணெய் குடிக்கிறது, இறுகினால் விரிசல் விட்டு ஆவி வெளியே போய்விடுகிறது. ஆவி உள்ளே சிக்கினால்தானே எழும்பும்! இவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். அத்தை தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

மார்ச் 5
சாம்பல் புதன். இறைச்சி இல்லை, உருளைக்கிழங்குதான். பாதிரியார் வீட்டுக்கே வந்து அத்தைக்குப் பூசிவிட்டுப் போனார். சாம்பல் பூசிய நெற்றியைப் பார்த்தால் எங்கள் ஊரில் இருப்பதாகவே இருக்கிறது எனக்கு.

மார்ச் 8
எழும்பியது! அரைத்த மாவைத் துணியில் கட்டித் தண்ணீரை வடியவிட்டேன். போதாததற்குக் கொஞ்சம் கடை உலர்மாவு சேர்க்க அத்தையே சம்மதித்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கரண்டியை வாங்கி நடுவில் அழுத்தி, "ஊனோ, தோஸ்" என்றார். மூன்று சொல்லும் முன்பே எடுத்துவிட்டார். எண்ணெய்ச் சத்தம் ஓய்வதைக் கேட்டுத்தான் எடுக்கிறார். கடைப் பெரியவர் தலையைச் சாய்த்து நின்றதும் அதற்குத்தான். அத்தை பாதி சாப்பிட்டார். உப்பு பத்தாதாம்.

மார்ச் 10
கடைச் சாமான்களை லாரியில் ஏற்றுகிறார்களாம். வாணலி யாருக்குப் போயிற்று?

மார்ச் 11
ஆபரேஷனுக்கு நாளை காலை 5 மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நாத்தனார் வந்துவிட்டார். பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று இவர் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அத்தை கூப்பிட்டு, உள்ளே வைக்கும் இறைச்சிப் பக்குவத்தை எழுதிக்கொள்ளச் சொல்கிறார். இப்போதேவாம். கொத்திறைச்சி அரை கிலோ. உருளைக்கிழங்கு ஒன்று, சின்னதாக நறுக்கியது. பூண்டு நாலு பல். சீரகம் ஒரு ஸ்பூன், வறுக்காமல் இடித்தது. மிளகு அதில் பாதி. தண்ணீர்