துருத்தி

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், தொடங்கிவிட்டது. போன வருஷம் காபியை விட்டேன். நாற்பது நாளும் தலைவலியோடு வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். இந்த வருஷம் எதையும் விடப்போவதில்லை. பைபிளில் உள்ள 119-ஆம் சங்கீதத்தைக் கையால் எழுதப்போகிறேன். மொத்தம் 176 வசனம். எபிரெய எழுத்து 22, எழுத்துக்கு எட்டு வசனம். நாளைக்கு ஆரம்பித்து தினம் எட்டு எழுதினால் 22 நாளில் முடிந்துவிடும். நோட்டுக்கூட வாங்கவில்லை. கொலுசுப் பட்டறையில் மீந்துபோன கணக்கு நோட்டு ஒன்று கிடந்தது, நடுவில் சிவப்புக் கோடு போட்டது.

மார்ச் 8

கண் ஓடிவிடுகிறது, கை ஓடமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் வாசித்தும் கட்டளை, கற்பனை, பிரமாணம், சாட்சி, நியாயம் எல்லாம் எனக்கு ஒன்றுதான். எழுதும்போதுதான் 'கட்டளைகள்' வரவேண்டிய இடத்தில் 'கற்பனைகள்' என்று எழுதி அடிக்கிறேன். பைபிள் தமிழில் 'கற்பனை' என்றாலும் கட்டளைதான். சின்ன வயதில் கதை கட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். பத்துக் கற்பனை என்றால் பத்துக் கதை! ஞாயிறு பள்ளி டீச்சர் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

பைபிளில் உபாகமம் 17-இல் ராஜாவுக்கே இந்த வேலை சொல்லியிருக்கிறது. சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தைப் பார்த்துத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும். அரண்மனையில் எழுதிக்கொடுக்க ஆளா இல்லை?

மார்ச் 12

எட்டு வசனம் முடிந்ததும் கீழே ஜெபம் எழுதுகிறேன். பழக்கதோஷம், சிவப்புக் கோட்டுக்கு இடப்பக்கம் 'கேட்டது', வலப்பக்கம் 'வந்தது' என்று தலைப்புப் போட்டுவிட்டேன். பட்டறையில் பதினெட்டு வருஷமாக அதுதானே வேலை. கட்டி வெள்ளி எத்தனை கிராம் கொடுத்தோம், கொலுசாக எத்தனை வந்தது, சேதாரம் எத்தனை. கிராம் குறைந்தால் தரையைக் கூட்டித் தூளைச் சலித்தாவது கணக்கை நேர்பண்ணிவிடுவோம்.

கேட்டது: அப்பாவுக்கு இருமல் நிற்க வேண்டும். ஆறு நாளாக அதே வரி. வலப்பக்கம் காலி. ராத்திரி அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது, பாக்கி வைத்த வியாபாரியிடம் வசூலுக்குப் போய் நிற்கிறவள் மாதிரி இருந்தது எனக்கு.

மார்ச் 15

சபைப் பெண்கள் ஐக்கியத்தோடு ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு. பாதி பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மேலே ஒரு அக்கா தியானக் குறிப்பு எழுத நாலு தலைப்பு சொல்லிக்கொடுத்தார்: வசனம், அதில் கவனித்தது, எனக்கு என்ன, ஜெபம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல வழிதான். எனக்கு ஏற்கெனவே இரண்டு தலைப்பே தொல்லை.

அரைமணி நேரம் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். காபிச் செடிகளுக்கு நடுவே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை. இன்று எட்டு வசனமும் போச்சு.

மார்ச் 17

பதினோராவது எட்டு. 83-ஆம் வசனம்: "புகையிலுள்ள துருத்தியைப்போலானேன்." 'துருத்தி' எழுதும்போது பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த துருத்தி பட்டறையில் நெருப்பை ஊதுகிறதுதான். அதுவும் நான் பார்த்ததில்லை. நான் வேலைக்குப் போனபோதே மோட்டார் வந்தாச்சு. அப்பாதான் ஒன்பது வயதில் செவ்வாய்ப்பேட்டையில் துருத்தி போட உட்கார்ந்தவர். வாசித்துக் காட்டினேன்.

"ஆட்டுத்தோல் கண்ணு அது. புகையிலயே கிடந்தா சுருங்கி வெடிச்சுப்போயிரும். விளக்கெண்ணெய் தடவித் தடவி வெச்சிருப்போம். இதை எழுதினவன் பட்டறையில இருந்திருப்பான் போல."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கால்மணி நேரம் ஆனது. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். கைக்கடியில் நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது.

மார்ச் 18

துருத்தி வரும் மற்ற இடங்களைத் தேடினேன். மத்தேயு 9:17-இல் புதுத் திராட்சரசத்தை ஊற்றக் கூடாத பழந்துருத்தி. சங்கீதம் 56:8-இல் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." காத்தூரில் பெலிஸ்தர் கையில் சிக்கிய தாவீது பாடியது. ஊதுகிற துருத்தியில் கண்ணீரை எப்படி வைப்பது என்று யோசிக்காமலே இந்த வசனத்தை எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன்!

பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவரிடம் அவர்கள் வாசிக்கும் பைபிளான திருவிவிலியம் வாங்கிப் பார்த்தேன். அதில் 'தோற்பை'. அப்போதுதான் புரிந்தது. தண்ணீரும் ரசமும் எடுத்துப்போகிற தோல் பை. 83-ஆம் வசனத்திலும் அதுதான், பட்டறை இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "தோல் ஒண்ணுதானே" என்றார். சரிதான், காற்றை அடைத்தால் கொல்லனுக்கு, தண்ணீரை அடைத்தால் வழிப்போக்கனுக்கு.

அதே வசனத்தின் கடைசியில் நம் பைபிளில் "அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது" என்று வருகிறது. அக்கா புத்தகத்தில் அந்த இடத்தில் 'குறிப்பேடு'. துருத்தியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் கணக்கா குறிப்பேடா என்று கேட்டால் இன்றைக்கு எனக்குக் குறிப்பேடுதான் வேண்டும். கணக்கென்றால் நான் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

மார்ச் 23

தலைப்பு இரண்டையும் அடித்துவிட்டேன். சிவப்புக் கோட்டைத் தாண்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதுகிறேன். நேற்று எழுதியது இவ்வளவுதான்: 'இரண்டேகாலுக்கு எழுந்தார். வெந்நீர் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று மணிக்குத் தூங்கினார். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை.' கீழே ஆமென் போட்டேன்.

மார்ச் 28

முடிந்தது. 175 வசனம் வரை உம் வேதத்தை நேசிக்கிறேன், மறவேன், காத்துக்கொள்வேன் என்று சொல்லிவந்தவர், கடைசி வசனத்தில் காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், என்னைத் தேடும் என்கிறார். எழுதியிராவிட்டால் இதையும் தாண்டிப் போயிருப்பேன்.

அப்பா திண்ணையிலிருந்து கேட்டார்.

"நோட்டுல இடம் இருக்கா கண்ணு?"

"பாதிக்கு மேல இருக்குப்பா."

"அந்தப் புகை வசனத்தை நான் எழுதறேன், குடு."

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். நோட்டை முட்டியில் வைத்துக்கொண்டு 'புகையிலுள்ள' வரை எழுதினார். அதற்கே கோடு தாண்டிவிட்டது. இருமல் வந்தது. மீதியை நாளைக்கு எழுதுவதாகச் சொல்லி, பேனாவை மூடாமலே என்னிடம் நீட்டினார்.