5 மில்லிகிராமில் நின்ற ஆறு மாதம்: ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திய அனுபவம்

பிரெட்னிசோலோனை 20 மி.கி.யிலிருந்து முழுதாக நிறுத்த எங்களுக்குப் பத்து மாதம் பிடித்தது. மருத்துவர் சொன்னபடி 10 மி.கி. வரை இரண்டு வாரத்துக்கு 2.5 வீதம் குறைத்தோம். பிறகு 7.5இல் நாலு வாரம், 5இல் நாலு வாரம். அதுவரை சிரமமில்லை. உடல் ஒரு நாளைக்குத் தானாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு ஏறக்குறைய ஈடான அளவு இந்த 5 மி.கி. அதற்குக் கீழே போனால் மீதியை அட்ரினல் சுரப்பிதான் தர வேண்டும்.

சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல், கார்டிசாலைச் சேர்த்து வைப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் வந்து தட்டினால்தான் செய்யத் தொடங்கும். மூலப்பொருள் கொலஸ்ட்ரால். ஸ்டார் என்ற புரதம் அதைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குக் கொண்டுபோகிறது. அதன் 27 கார்பனில் 6 அங்கே வெட்டுப்பட்டுப் பிரெக்னெனலோன் என்ற இடைப்பொருள் ஆகிறது. அது வெளியே வந்து சில மாற்றங்கள் அடைந்து, கடைசி மாற்றத்துக்கு மறுபடி மைட்டோகாண்ட்ரியாவுக்கே திரும்பிக் கார்டிசால் ஆகிறது. மாதக்கணக்கில் மாத்திரை உள்ளே போனால் பிட்யூட்டரி தட்டுவதை விட்டுவிடும். கார்டிசால் செய்யும் அடுக்கு சுருங்கிப் போகும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

உடலின் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அட்ரினலின் வெளி அடுக்கில் சுரக்கிறது. அதை நடத்துவது முக்கியமாகச் சிறுநீரகம் விடும் ரெனின் என்ற பொருள், பிட்யூட்டரி அல்ல என்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே சோர்வு வந்தால் கஞ்சியில் உப்பைக் கூட்டினால் போதும் என்பது இங்கே செல்லாது. குறைவது கார்டிசால்.

குறைத்த அன்றே எதுவும் தெரியாது. கார்டிசால் செல்லுக்குள் நுழைந்து, ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, உட்கருவுக்குப் போய் மரபணுக்களைத் திருப்பிவிட்டு வேலை வாங்குகிறது. அந்த விளைவு தணியவும் நேரமாகும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அசதி, மூட்டு உளைச்சல், எழுந்து நின்றால் தலைசுற்றல் எல்லாம் வரும். பழைய நோய் திரும்பிவிட்டதென்று பயந்து தாமாக அளவைக் கூட்டிவிடுகிறவர்கள் நிறைய. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரை காலையில், சாப்பிட்ட பிறகு, ஒரே வேளை. இரவில் போட்டால் விடியலில் எழ வேண்டிய ஏ.சி.டி.எச்.சையும் அமுக்கிவிடும். நடுவில் கோடுள்ள மாத்திரையைத்தான் உடைக்க வேண்டும். பாம்பன் காற்றில் மீதிப் பாதி நமுத்துப்போகும். இறுக மூடும் டப்பா வேண்டும்.

கார்டிசால் எவ்வளவு என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் நேரம்தான் எல்லாம். முந்தின நாள் காலை மாத்திரையோடு சரி. அன்று போடாமல் எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ரத்தம் கொடுத்து, கொடுத்த கையோடு மாத்திரையைப் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் பல பரிசோதனைகள் பிரெட்னிசோலோனையும் கார்டிசாலாக எண்ணிவிடும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி பத்து மணிக்குக் கொடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. உள்ளூரிலேயே ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரவுக் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர் என்றால் அதை முன்பே சொல்ல வேண்டும். அவருடைய காலை எட்டு மணி மற்றவர்களுடைய எட்டு மணி அல்ல. கருத்தடை மாத்திரை எடுப்பவரும் சொல்ல வேண்டும், அது எண்ணை ஏற்றிக் காட்டும்.

எங்கள் முதல் எண் டெசிலிட்டருக்கு 4.2 மைக்ரோகிராம். 5க்குக் கீழே என்றால் சுரப்பி இன்னும் எழவில்லை. அதே 5 மி.கி.யில் மூன்று மாதம் இருந்து பார்த்தபோது 7.6. இன்னும் மூன்று மாதத்தில் 11.3. பத்தைத் தாண்டியதும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். தாளில் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்றிருந்தால் 27.6ஆல் வகுத்துப் பாருங்கள்.

மாத்திரையைக் குறைக்கும் இந்த மாதங்களில் உண்மையான ஆபத்து வாந்தி. காய்ச்சலுக்கு அளவை இரட்டிப்பாக்கச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும், அதுவும் தங்காவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே போட்டாக வேண்டும். நடுக்கடலில் அது நடக்காது. அதனால் அந்த மாதங்களில் வள்ளம் ஏறவே வேண்டாம் என்று அடித்துச் சொல்வோம்.

நிறுத்திய பின்னும் ஒரு வருடத்துக்குச் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: மருந்தின் பெயர், எத்தனை மாதம் எடுத்தது, நிறுத்திய தேதி, “மயங்கினால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி., சலைன்.” பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.