அராஜகம் என்றால் அடிதடிதானா?

நான் பிறந்தது நீலகிரியில் கோத்தகிரி பக்கம், தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயின் ஒரு தோட்டத்தில். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரண்டு நாடுகளும் பிரித்துக்கொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி தாத்தாவையும் பாட்டியையும் தலைமன்னாரில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே எங்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பெயர். கல்யாணமாகி இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்து மூன்று வருடமாகிறது, இங்கே நான் 'இந்தியா அண்ணி'. தேத்தண்ணியும் ரொட்டியும் பாட்டி கையால் பழகியவை, அதனால் சாப்பாட்டில் கஷ்டமில்லை.

வந்த முதல் மாதமே மேல் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு தாத்தா இறந்துபோனார். அன்று கொழுந்தெடுக்க ஒருவரும் மலைக்குப் போகவில்லை. ஒரு வீட்டிலிருந்து அரிசி, இன்னொன்றிலிருந்து சீனி, பையன்கள் பந்தல் போட, நாலு பேர் குழி வெட்டப் போக, சாவுச் செலவுக்கென்று எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு வைக்கிற மரணாதார சங்கத்துப் பணமும் கைக்கு வந்துவிட்டது. யார் யாருக்கு உத்தரவு போட்டார்கள் என்று எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. தினமும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அடுத்தவர் சொல்வதைக் கேட்டு நிற்கிற அதே ஆட்கள்தான்.

மாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசியல் பாடம் எடுக்கிறேன். "அராஜகம்னா அடிதடிதானே டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது அந்தச் சாவு வீடுதான் ஞாபகம் வந்தது. சொல்லுக்கு நேர்ப்பொருள் அரசன் இல்லாத நிலை, அவ்வளவுதான். கிரேக்க மூலச் சொல்லுக்கும் ஆள்பவர் இல்லாமை என்றே பொருள். 1840இல் பிரான்சின் புரூதோன் தன்னை அராஜகவாதி என்று சொல்லிக்கொண்டபோது ஒழுங்கே வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை, மேலிருந்து அதிகாரத்தால் திணிக்கப்படும் ஒழுங்கைத்தான் மறுத்தார். ரஷ்யாவின் குரோபோட்கின் 1902இல் வந்த நூலில், உயிர்கள் பிழைத்து வந்ததற்குப் போட்டியைப் போலவே பரஸ்பர உதவியும் காரணம் என்று வாதிட்டார். மரணாதார சங்கத்தை உதாரணம் காட்டியதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது.

ஆனால் வீட்டில் மாமியார் விடவில்லை. "அரசாங்கமே வேணாமா? ரெண்டு பிள்ளை பொறக்கிற வரைக்கும் எனக்கு ஐடென்டி கார்டு இல்ல, அந்தக் கஷ்டம் ஒனக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது, மிஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை கிடைக்க 2003 வரை ஆனது. அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடங்களில் அரசு இவர்களை விட்டு விலகியா இருந்தது? எத்தனை பேரை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று இரண்டு அரசுகளும் பேசி எண்ணிக்கை போட்டுப் பிரித்தன. அரசு வேண்டாம் என்று மக்கள் சேர்ந்து முடிவெடுப்பதும், அரசு மக்களைப் பார்த்து நீ வேண்டாம் என்பதும் ஒன்றே அல்ல, அராஜகவாதம் பேசுவது முதலாவதை. இதைச் சொன்னதும் மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, ஆனா லயத்துக்கு உறுதிப் பத்திரம் மட்டும் அரசாங்கம்தான் குடுக்கணும்" என்றார். அதை மறுக்க என்னால் முடியவில்லை.

அடுத்த வாரம் விசா நீட்டிக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். எல்லாப் பத்திரத்துக்கும் ரெண்டு பிரதி எடுத்துக்கொள் என்று மாமியார் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா, நான் கேட்பதற்கு முன்பே வந்து சொல்லிவிட்டுப் போனார்.