கோடியக்கரை: தண்ணீர் வடியும் வரை பொறுக்கணும்

கோடியக்கரை சரணாலயத்துக்கு நடுப்பகலில் போய் இறங்குகிறவர்கள்தான் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறார்கள். அந்த வெயிலில் வெளிமான் புதர் நிழலில் ஒதுங்கியிருக்கும். சதுப்பின் மேல் கானல் எழும்பி, தொலைநோக்கியில் பறவைகள் நெளியும். முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் வனத்துறைச் சோதனைச் சாவடிக்குப் போய்விடுங்கள். தூரம் சுமார் 10 கி.மீ.தான்.

வெளிமானுக்காகவே 1967இல் சரணாலயமானது இந்தக் காடு. கிடா கறுத்து, முறுக்குக் கொம்போடு தனியே தெரியும், பெட்டை வெளிர்பழுப்பு. தொலைவிலேயே ஆபத்தைப் பார்த்து ஓடித் தப்பும் விலங்கு என்பதால் அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். அதைத்தான் சீமைக்கருவேல் விழுங்குகிறது. மாடுகள் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால்தான் தீரும். காட்டுக்குள் திரியும் மட்டக் குதிரைகளும் மானின் புல்லுக்குப் பங்காளிகள். 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே மான்களையும் மரங்களையும் சேர்த்தே சாய்த்தது.

பூநாரைக்கு வருவோம். தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி அதிலுள்ள சிற்றுயிர்களையும் பாசியையும் தின்னும் பறவை. ஆழம் குறைந்த உப்புநீர்தான் அதற்குத் தோது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்துவிட்டால் சதுப்பு நிரம்பி, கூட்டம் வேறிடம் தேடிப் போய்விடும். அக்டோபர் முதல் மார்ச் வரை பருவம் என்றாலும், நீர் வடியத் தொடங்கும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் என் தேர்வு. நவம்பரில் களிமண் தடத்தில் வண்டியை இறக்காதீர்கள், சக்கரம் புதையும்.

சேற்றோரம் மேயும் சிறு நீர்ப்பறவையான உள்ளானின் கூட்டத்தில் காலில் வளையமோ நிறப்பட்டையோ தெரிந்தால், நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்று குறித்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் போக்குவரத்தை அறிய, பல பத்தாண்டுகளாக இங்கே அவற்றுக்கு வளையமிடுகிறது. அந்தக் குறிப்பு அவர்களுக்கு உதவும்.

வெயில் ஏறிய பிறகு கோயில் பக்கம் போகலாம். சேர மன்னர் சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர், கடற்காற்று வீசும் கரையில் இப்படித் துணையின்றி இருக்கிறீரே என்று இறைவனிடம் இரங்கிப் பாடிய தலம் கோடிக்குழகர் கோயில். ராமர் பாதம் ஒரு மணல்மேடுதான். சமதரையான இந்த ஊரில் அந்த உயரமே பெரிது. பழைய செங்கல் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. தை, ஆடி அமாவாசைகளில் ஆதிசேது என்னும் கடல்துறையில் நீராடக் கூட்டம் நெரியும். பறவை பார்க்க அந்த நாட்கள் உதவாது.

திரும்பும் வழியில் அகத்தியன்பள்ளியில் நிறுத்துங்கள். 1930 ஏப்ரல் 30 அன்று உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றிலும் உப்பளம் இன்றும் நடக்கிறது. பாத்தி ஓரங்களிலும் உள்ளான்கள் மேயும், தொலைநோக்கியை உள்ளே வைத்துவிடாதீர்கள்.