தேவதைகளைச் சுட்டது யார்?
இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிளைத்பர்க் என்றொரு சிற்றூர். அங்குள்ள 15ஆம் நூற்றாண்டுத் திரித்துவ ஆலயம் ஊருக்குச் சற்றும் பொருந்தாத பிரம்மாண்டம். கூரையின் நடுவே சிறகு விரித்த மரத் தேவதைகள். பழைய வண்ணம் இன்னும் தெரிகிறது. அவற்றின் உடலில் ஈயக் குண்டுகள் சிக்கியிருந்தன. நெடுங்காலம் பழி சுமந்தவர், 1644இல் ஊர் ஊராகச் சென்று ஆலயச் சிற்பங்களை அழித்த வில்லியம் டவுசிங். அவருக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. தேவதைகளை இறக்கச் சொன்னவர்தானே! ஆனால் 1761ஆம் ஆண்டு ஆலயக் கணக்கில், ஜாக்டா என்ற சிறு காக்கைகளைச் சுட வெடிமருந்துக்கும் குண்டுக்கும் செலவு எழுதியிருக்கிறார்கள்.

வடக்குக் கதவில் கருகிய தடங்கள் வேறு. ஊர்க்கதைப்படி, ஒரு புயலோடு ஆலயத்துக்குள் வந்த கரும்பேய் நாயின் நகக்கீறலாம்! 1577இல் அடித்த அந்தப் புயலில் கோபுரக் கூம்பு சரிந்தது மட்டும் நிஜம்.