429 கோடி பாக்கி

வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் லாரி வராது. அப்போது பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் ஏதாவது வகுத்தல் போட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் போட்டது 4294967297.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அண்ணே, 429 கோடியா? யாரோட பாக்கி இது?"

ஃபெர்மாவோட பாக்கி என்று வாய் வரை வந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன்.

2, 4, 16, 256, 65536. முந்தையதின் வர்க்கம் அடுத்தது. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இப்படி வருவதெல்லாமே பகா எண்தான் என்று 1640 வாக்கில் கடிதம் எழுதினார் பிரான்ஸின் கணித மேதை ஃபெர்மா. நிரூபணம் கிடையாது, நம்பிக்கைதான். ஆறாவதுதான் என் பில் புக்கில் இருந்தது. 1729-இல் (அட, நம்ம ராமானுஜன் எண்!) ஃபெர்மா சொன்னது சரியா என்று கணித மேதை ஆய்லரிடம் கேட்டார் இன்னொரு கணிதக்காரரான கோல்ட்பாக். 1732-இல் ஆய்லர் பதில் சொன்னார்: அந்த ஆறாவது எண் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடும்.

குருட்டாம்போக்கில் தேடினால் 641 வருவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்ட வேண்டும். ஆனால் இதற்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். 193-க்கு மீதி 109. 257-க்கு வெறும் 2, அடடா என்றிருந்தது. 449-க்கு 325, 577-க்கு 288. ஐந்தாவது முயற்சியில் ஆள் சிக்கிவிட்டது.

641-ஐப் போட்டதைத்தான் சொல்ல வேண்டும். 4294-இல் ஆறு தடவை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. ஏழு தடவை போய் மீதி 2. அதற்கப்புறம் 26, 267, இரண்டுமே போகாது, இரண்டு பூஜ்யம். 2672-இல் நான்கு, 1089-இல் ஒன்று, மறுபடியும் மீதி அதே 448! இந்தத் தடவை இறங்குவது 9 இல்லை, 7. ஏழு தடவை 641 என்பது 4487. மிச்சம் ஒன்றுமில்லை.

ஆனால் பெருக்கிச் சரிபார்த்தபோது 42 கோடிதான் வந்தது. ஈவில் ஒரு பூஜ்யத்தை விழுங்கி 670417 என்று எழுதியிருக்கிறேன். மண்டிக் கணக்கில் இதைச் செய்திருந்தால் சீட்டு கிழிந்திருக்கும். சரியான ஈவு 6700417. அதுவும் பகா எண்தான், அதற்கு மேல் உடையாது.

65537-க்கு அப்புறம் இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்தது 18446744073709551617. அதை 1880-இல் உடைத்த பிரெஞ்சுக் கணிதக்காரர் லாண்ட்ரிக்கு அப்போது வயது 82. வகுக்க வேண்டியது 274177-ஆல். பில் புக்கின் அகலம் போதாது. நாளைக்கு லெட்ஜர் தாள் ஒன்று கேட்டு வாங்க வேண்டும்.