விசில் ஊதாத கோச்

அக்டோபர் 2
மண்டைக்குள் ஜான் ககலார்டிதான் ஓடிக்கொண்டிருக்கிறார். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி ஆடுகிற ஆட்டம்) அதிக வெற்றி பெற்ற கோச். 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. டிவியில் வருவதெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்கள், இவர் இருந்ததோ மினசோட்டாவில் பெனடிக்டின் துறவிகள் நடத்துகிற செயின்ட் ஜான்ஸ், ஆட்டத்துக்கென்று ஸ்காலர்ஷிப்பே தராத மூன்றாம் டிவிஷன், அதனால் வெளியே பலருக்குப் பெயரே தெரியாது. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 3
1943இல் கொலராடோவின் டிரினிடாட்டில் அவருடைய பள்ளி கோச்சைப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள். டீமையே கலைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, ஆடிக்கொண்டிருந்த 16 வயசுப் பையன் ககலார்டி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் வந்தான். ஆட்டக்காரனாக அவனுக்குப் பிடிக்காத பயிற்சிகளை முதல் வேலையாகத் தூக்கிப் போட்டான். அப்புறம் 1949இல் மொன்டானாவின் கரோல் கல்லூரி, 1953இல் செயின்ட் ஜான்ஸ், 2012 வரை அங்கேயேதான்.

அக்டோபர் 5
செயின்ட் ஜான்ஸ் இருக்கிற காலேஜ்வில் போய் வந்தோம். மினியாபொலிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். மைதானம் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது, சுற்றிலும் மரம், இலை நிறம் மாற ஆரம்பித்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற என் பையன் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், அவனுக்கும் பள்ளி ஃபுட்பால் டீமில் சேர ஆசை.

வரும் வழியில் ககலார்டியின் பயிற்சி முறையைச் சொன்னேன். 90 நிமிஷத்துக்கு மேல் கிடையாது. விசில் கிடையாது. கோச் என்று கூப்பிடக் கூடாது, ஜான் என்றால் போதும். கொசு அதிகமா, வெளியே பயிற்சி வேண்டாம். உடற்பயிற்சிக்கு நடுவே எல்லோரும் மல்லாந்து படுத்து, பக்கத்தில் இருப்பவனிடம் இன்றைக்கு நல்ல நாள் இல்லையா என்று கேட்க வேண்டும், அதுவும் ஒரு பயிற்சி! டீமிலிருந்து யாரையும் கழித்துவிடவும் மாட்டார். எல்லாவற்றையும் விடப் பெரிசு, பயிற்சியில் டேக்கிள் கிடையாது, அதாவது ஓடிவருகிறவனை மோதித் தரையில் சாய்க்கிற வேலை சனிக்கிழமை மேட்சில் மட்டும்தான். சனிக்கிழமைக்குக் காயமில்லாத ஆட்கள் வேண்டும் என்றால் செவ்வாய்க்கிழமை ஏன் சொந்த ஆட்களையே உடைக்க வேண்டும்? எனக்கு இதில் மறுத்துப் பேச ஒன்றும் தோன்றவில்லை.

அக்டோபர் 8
2003. நவம்பர் 8ஆம் தேதி 409ஆவது வெற்றி, எடி ராபின்சனின் 408ஐத் தாண்டினார். (ராபின்சன் 1941 முதல் 1997 வரை லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரியில் கோச்சாக இருந்தவர், தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலத்திலேயே தொடங்கியவர், அவரைப் பற்றித் தனியாக எழுதணும்.) அடுத்த மாதமே மூன்றாம் டிவிஷன் இறுதிப் போட்டியில், தொடர்ந்து 55 மேட்ச் ஜெயித்து வந்திருந்த ஒஹாயோவின் மவுன்ட் யூனியன் கல்லூரியை 24-6 என்று சாய்த்தார்கள். அப்போது ககலார்டிக்கு வயசு 77. டேக்கிள் பழகாத டீம் ஒன்று மவுன்ட் யூனியனை வெறும் ஆறு புள்ளியில் நிறுத்தியிருக்கிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அக்டோபர் 9
டார்ட்மத் கல்லூரியின் கோச் பட்டி டீவன்ஸ் 2010இல் பயிற்சியில் டேக்கிளை நிறுத்தினார், 2015இல் ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் மாதிரி எட்டுப் பழைய கல்லூரிகளின் போட்டித் தொடர்) பட்டத்தையும் பகிர்ந்துகொண்டார். மறு வருஷம் ஐவி லீக் முழுக்க சீசன் பயிற்சிகளில் முழு மோதலுக்குத் தடை வந்தது. தலைக் காயம் பற்றி ஊரெல்லாம் பேச ஆரம்பித்த பிறகு வந்த மாற்றம் அது, ககலார்டி அதற்குப் பல பத்தாண்டு முன்னாலேயே செய்துகொண்டிருந்தார். இந்த ஊரில் பிள்ளையை டீமில் சேர்க்கிற நம்ம ஆட்கள் வாரத்துக்கு எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி என்று கையெழுத்துப் போடும் முன்னாடியே கேட்டுவிடுங்கள். நானும் வெள்ளிக்கிழமை கேட்கப் போகிறேன்.